இரண்டாம் வகுப்பு: > < குறிகளை மாற்றிப் போடுகிறார்கள்

வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 47, 74 இவற்றில் எது பெரியது என்று கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் 74 என்கிறார்கள். ஆனால் சிலேட்டில் 47 > 74 என்று எழுதிவிட்டு, அதையே ‘47 சிறியது’ என்று படிக்கிறார்கள். பெரிய எண் வலப்பக்கம் வரும்போதுதான் இந்தத் தடுமாற்றம். காலாண்டுத் தேர்வுக்கு முன்பிருந்தே இப்படித்தான்.

பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை வைத்து ஒப்பிடச் செய்தேன். குறியை, பெரிய எண்ணின் பக்கம் திறக்கும் முதலை வாய் என்று சொல்லிப் பார்த்ததில் முதலையைப் பல்லோடு அழகாக வரைகிறார்கள், குறி மட்டும் திருந்தவில்லை. பெரிய எண்ணருகே இரண்டு புள்ளி, சிறிய எண்ணருகே ஒரு புள்ளி வைத்து இணைக்கும் முறையில் விடை சரியாக வந்தாலும், புள்ளிகளை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிடுகிறது. எண்ணின் மதிப்பு அவர்களுக்குப் புரிந்தே இருக்கிறது என்பது என் கணிப்பு.

புள்ளிகளின் துணையில்லாமல், இடமிருந்து வலமாக இக்குறிகளைப் படித்து எழுத எப்படிப் பழக்குவது?