வார்சாவின் பழைய நகரம்: பாரம்பரியமா, நகலா?

கல்தச்சன்:
போலந்தின் தலைநகர் வார்சாவில் உள்ள பழைய நகரத்தை 1980-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு இது சரியாகப் படவில்லை. சந்தைச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகள் பார்க்கப் பல நூற்றாண்டுப் பழசு. சதுக்கத்தைக் கட்டித் திறந்ததோ 1953-ல். உள்ளே எல்லாம் 1950-களின் புதுக் குடியிருப்புகள். ஒரு கட்டடத்தின் மேல் காலம் விட்டுப்போன தடம்தான் அதன் மதிப்பு. அதை வரைபடம் பார்த்துத் திரும்ப உண்டாக்க முடியாது.

வைகறை:
அந்த வீடுகள் எப்படி விழுந்தன என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள் நண்பரே. ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக வார்சாவில் 1944 ஆகஸ்ட் 1-ல் தொடங்கிய எழுச்சி 63 நாள் நீடித்தது. பழைய நகரம் அந்தச் சண்டையிலேயே நொறுங்கியது. அப்புறம் ஊர் மக்களை வெளியேற்றிவிட்டு, ஜெர்மன் படையினர் தெருத்தெருவாகப் போய் மிச்சத்தைக் கொளுத்தினார்கள், வெடி வைத்தார்கள். நூலகங்களைக்கூட விடவில்லை. போர் முடிந்தபோது நகரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் இல்லை. இது நிலநடுக்கம் அல்ல, ஒரு மக்களின் நினைவையே துடைக்கப் போட்ட திட்டம். அதற்குக் கொடுத்த பதில்தான் இந்த வீடுகள். அந்தப் பதிலும் வரலாறுதானே?

கல்தச்சன்:
பதில் என்றால் சரி. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெல்லோட்டோவின் படங்களைப் பார்த்துக் கட்டினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, ஓவியத்தை ஆதாரமாக எடுக்கலாமா? ஓவியர் தன் கண்ணுக்கு அழகாகப் பட்டபடி சில இடங்களை மாற்றியும் வரைந்திருக்கிறார்.

வைகறை:
இது அடிக்கடி வரும் குழப்பம். அந்தப் படங்கள் அதிகம் உதவியது பழைய நகரின் ஓரத்திலுள்ள மன்னர் அரண்மனையிலிருந்து தெற்கே போகும் அரச வீதிக்கு. பழைய நகருக்குப் பெரிய ஆதாரம், வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலைத் துறையினர் வீடு வீடாக அளந்து வரைந்து வைத்திருந்த படங்கள். எழுச்சிக்குப் பிறகு, எரிகிற நகரத்திலிருந்து அவற்றைக் கடத்திப்போய் பியோத்ர்குஃப் ஊரின் மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். உயிருக்கே உத்தரவாதம் இல்லாத நேரத்தில் சன்னல் அளவும் கூரைச் சரிவும் எழுதிய தாள்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு ‘நகல்’ என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை.

செங்கல்சூளை:
இருவரும் செங்கல்லை மறந்துவிட்டீர்கள். இடிபாடுகள் போதாமல், போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு வந்த வ்ரோத்ஸ்வாஃப் போன்ற மேற்குப் பகுதி ஊர்களிலிருந்து ரயில் ரயிலாகச் செங்கல் வந்தது. அங்கே பழுது பார்த்திருக்கக்கூடிய கட்டடங்களையும் இதற்காக இடித்தார்கள். இன்னொன்று, யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ இருந்த முரானுஃப் பகுதி. அதை முன்பிருந்தபடி யாரும் கட்டவில்லை. இடிபாடுகளின் மேலேயே, அந்த இடிபாட்டைத் தூளாக்கி வார்த்த கற்களால், புதுக் குடியிருப்பு எழுந்தது. எந்த நினைவைத் திருப்பிக் கட்டுவது என்பதிலும் ஒரு தேர்வு இருந்தது.

வைகறை:
முரானுஃப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க முடியாது. அது வலிக்கிற உண்மை. ஆனாலும் மன்னர் அரண்மனையைப் பாருங்கள். 1939-40 குளிர்காலத்திலேயே ஜெர்மானியர்கள் வெடி வைக்கச் சுவரில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டுவிட்டார்கள். அருங்காட்சியக ஊழியர்கள் அதற்குள் செதுக்கு வேலைப்பாடுகளையும் கதவுகளையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1944-ல் அரண்மனை தகர்ந்தது. 1971-ல்தான் திரும்பக் கட்ட முடிவானது. மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்து, 1984-ல் திறந்தபோது அந்தத் துண்டுகள் பல பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன.

கல்தச்சன்:
அரண்மனை விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறேன். மூலப் பொருள் உள்ளே இருக்கிறது. ஆனால் சாக்சன் அரண்மனை? அதில் மிஞ்சியது சில வளைவுகள் மட்டும், அவற்றின் கீழே பெயர் தெரியாத வீரரின் கல்லறை. அதையும் முழுதாகக் கட்ட 2021-ல் சட்டம் போட்டார்கள். எழுபது ஆண்டுக்கு மேல் அந்த உடைந்த வளைவுகளே பேசிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பினால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

வைகறை:
அங்கே நான் உங்கள் பக்கம்தான். 1945-ல் வீடில்லாமல் திரும்பி வந்தவர்களுக்கு நகரம் தேவைப்பட்டது. சாக்சன் அரண்மனைக்கு அப்படிக் காத்திருப்பவர் யாரும் இல்லை.