டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தும் இணைப்பு நிற்காத கேபிள்

எங்கள் அலுவலகத்தின் கோடி அறையில் இருந்த ஒரு கணினிக்கு மட்டும் நெட்வொர்க் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. வந்த நேரத்திலும் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கினால் வேகம் படுத்துவிடும். ஒவ்வொரு கம்பியிலும் மின்தொடர்பு இருக்கிறதா என்று விளக்கால் காட்டும் டெஸ்டரில் அதன் கேபிளைச் செருகினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சின் போர்ட்டை மாற்றியும், வேறு கணினியைப் பொருத்தியும் பயனில்லை. பிறகு கேபிள் முனையிலுள்ள கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து உள்ளிருக்கும் எட்டு கம்பிகளின் நிறங்களைப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. அதைப் பொருத்தியவர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாகவே அடுக்கியிருந்தார். இரு முனைகளிலும் வரிசை ஒன்றாக இருந்தால் போதும் என்பது பலரும் நம்பும் கணக்கு.

கேபிள் வழியாகக் கணினிகளை இணைக்கும் முறையான ஈதர்நெட், 100 மெகாபிட் வேகத்தில், கனெக்டரின் உலோகத் தொடர்புகளான பின்களில் 1, 2 ஆகியவற்றை ஒரு ஜோடியாகவும் 3, 6 ஆகியவற்றை இன்னொரு ஜோடியாகவும் பயன்படுத்துகிறது. ஒரு கம்பியில் நேராகச் செல்லும் சைகை மற்றதில் தலைகீழாகச் செல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சென்றால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுந்து, மறுமுனையில் வித்தியாசம் எடுக்கும்போது கழிந்துபோகும். அந்தக் கேபிளிலோ 3ஆம் பின் பச்சை ஜோடியிலும் 6ஆம் பின் நீல ஜோடியிலும் இருந்தன. மின்தொடர்பை மட்டும் சோதிக்கும் மலிவான டெஸ்டர் இதைக் காட்டிக்கொடுக்காது.

முனைகளை வெட்டியெறிந்து டி568பி என்ற நிற வரிசை முறைப்படி வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கினோம். கனெக்டரின் கொக்கி மறுபக்கம் இருக்க, கேபிள் கீழிருந்து நுழையுமாறு பிடித்தால், இடக்கோடியில் இருப்பது 1ஆம் பின். முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால், கம்பிகளை விரலால் நீவி நேராக்கிய பின் ஒரே வெட்டாக நறுக்கினோம். மேலுறையும் கனெக்டருக்குள் நுழைந்து, கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலின் அழுத்தத்தில் சிக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இழுக்கும் பாரம் முழுவதும் கம்பிகளின் மேல் விழும். அதன்பின் அந்தக் கணினி தொல்லை தரவில்லை.

* * *

எனக்கு வாய்த்த கேபிள் கோளாறு வேறு வகை. இரு பக்கமும் கிகாபிட் (1000 மெகாபிட்) கருவிகள், ஆனால் இணைப்பு 100 மெகாபிட் வேகத்திலேயே நின்றது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஆகவே நீலம், பழுப்பு ஜோடிகளின் மேல்தான் முதல் சந்தேகம். கனெக்டரின் மூக்குப் பக்கத்தை நேராகப் பார்த்தால் எட்டு செம்பு முனைகளும் பளிச்சென்று தெரிய வேண்டும்; பழுப்பு மட்டும் உள்ளே தள்ளியே நின்றுவிட்டிருந்தது.

* * *

கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கண்காணிப்புக் கேமரா ஒன்று, பகலில் நன்றாக இயங்கி, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிந்தது. இரவில் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது மின்னோட்டம் கூடுகிறது. கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் செந்நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம். செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை செம்பைவிட அதிகம் என்பதால், நீண்ட கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துபோகிறது. முழுச் செம்புக் கேபிளை இழுத்த அன்றிரவே கேமரா அணையாமல் ஓடியது.