புதுப்பிப்பு: 894.811 அலுமாரி என்ன ஆனது?

வெள்ளவத்தையில் எங்கள் பாடசாலை நூலகத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் எல்லாம் டூயி முறையில் (புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் நூலக முறை) 894.811 என்ற ஒரே எண்ணுக்குள் குவிந்து, பிள்ளைகள் தேடிக் களைக்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். நிற டேப் ஒட்டச் சொன்னீர்கள், ஒட்டியாயிற்று. சிறுகதைக்குப் பச்சை, நாவலுக்கு நீலம், துப்பறியும் கதைக்குச் சிவப்பு. எண்ணை மாற்றவில்லை. தரம் 6 பிள்ளைகள்கூட இப்போது என்னைக் கேட்காமலே எடுக்கிறார்கள். திருப்பி வைப்பதுதான் இன்னும் அவரவர் இஷ்டம்! சிவப்பு வரிசை பாதி நாள் காலி, அது நல்லதுதான்.

பூஞ்சணம்தான் தலையிடி. கடற்காற்று, போதாததற்குப் பருவமழை. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தபின் ஈரம் குறைந்தது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு உதவாது. நனைந்தவற்றை வெயிலில் போடாமல் மின்விசிறிக்குக் கீழே விரித்து வைக்கிறோம். வெயிலில் தாள் மஞ்சளாகிவிடும்.