சூரிச்சில் சனி, ஞாயிறு: வாட்ச் வாங்குவதா, மிக்ரோஸில் பை நிரப்புவதா?

பெரம்பூர்ப் பயணி:
ஜூனில் மனைவி, மாமியாரோடு சூரிச் போகிறேன். சனியும் ஞாயிறும்தான் அங்கே. திங்கள் காலை இன்டர்லாக்கன், பிறகு ரயிலில் பாரிஸ், அங்கிருந்து சென்னைக்கு விமானம். வாங்குவதற்கென்று 600 பிராங்க் ஒதுக்கியிருக்கிறேன். எனக்கு ஒரு வாட்ச் ஆசை. மனைவிக்கு ஆபீஸில் இருபது பேருக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கவலை. எல்லோரும் பான்ஹோஃப்ஸ்ட்ராஸே கடைத்தெரு என்கிறார்கள். அங்கே போவதா, வேறு இடம் இருக்கிறதா?

ஒற்றைமுள்:
பான்ஹோஃப்ஸ்ட்ராஸேதான், சந்தேகமே வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரை 1.4 கிலோமீட்டர். ஒரு காலத்தில் அது கோட்டை அகழி. பேரே தவளைப் பள்ளம். 1864-இல் அதை மூடித் தெருவாக்கினார்கள். இன்று அந்தப் பள்ளத்தின் மேல் நின்று விலைச்சீட்டைப் பார்த்தால் நமக்குத்தான் தொண்டை தவளை மாதிரி ஆகும். ஆனால் எல்லாக் கடையும் அப்படி இல்லை. 600 பிராங்குக்குள் நல்ல டிஸ்ஸோ வாட்ச் கிடைக்கும்.

இருபது பொட்டலம் சாக்லேட் வாங்கிப் பணத்தைச் சிதறடிக்காதீர்கள். அது இரண்டு நாளில் தின்று தீர்ந்துவிடும், வாட்ச் என்றால் பின்னால் பையன் கைக்குப் போகும். டயலில் ஆறு மணி எண்ணுக்குக் கீழே 'சுவிஸ் மேட்' என்று இருக்கிறதா பாருங்கள். 2017 முதல் அந்த இரண்டு சொல்லைப் போட வேண்டுமென்றால் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிஸில் ஆகியிருக்க வேண்டும். ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கினால் மதிப்புக் கூட்டு வரியும் திரும்பக் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:
எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று சொல்லாமல் விட்டீர்களே, அண்ணே. வரி 8.1 சதவீதம். 400 பிராங்க் வாட்சில் அடங்கியிருக்கும் வரி ஏறக்குறைய 30 பிராங்க். அதிலும் திருப்பித் தரும் நிறுவனம் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு வேளை காபி குடிக்கலாம். போன தடவை, வரியைத் திரும்பப் பெறச் சுங்கத்தில் போட வேண்டிய முத்திரைக்காக ஒரு விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்து பொருளைக் காட்டச் சொன்னார். பெட்டி ஏற்கெனவே பெல்ட்டில் போய்விட்டது. எல்லாம் போச்சு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவுக்கும் சுவிஸ் உள்ளிட்ட நான்கு நாடுகளுக்கும் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. சுவிஸ் வாட்சுக்கும் சாக்லேட்டுக்கும் நம் சுங்க வரி படிப்படியாகக் குறையும். அதே டிஸ்ஸோ சென்னையில் கேரண்டியோடு கிடைக்கிறது. ரிப்பேர் என்றால் சூரிச்சுக்கா போவீர்கள்?

நேராக ஒரு மிக்ரோஸுக்கோ கோ-ஆப்புக்கோ போங்கள். இரண்டும் சூப்பர் மார்க்கெட்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சாக்லேட் வாங்குவதே அங்கேதான்.

ஒற்றைமுள்:
சூப்பர் மார்க்கெட் சாக்லேட்டை ஆபீஸில் நீட்டினால், 'டூட்டி ஃப்ரீயில் அவசரமாக வாங்கினாயா' என்பார்கள். பாராடெப்ளாட்ஸ் சதுக்கத்தில் ஸ்ப்ரூங்லி என்ற இனிப்புக் கடை இருக்கிறது, 1859 முதல் அதே இடத்தில். லக்சம்பர்கர்லி என்று விரல் நுனி அளவில் மக்கரோன் செய்வார்கள். அதைச் சாப்பிடாமல் சூரிச் போனேன் என்று சொல்லக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
சாப்பிடட்டும், அங்கேயே நின்று சாப்பிடட்டும். கிரீம் வைத்த பண்டம், சில நாள்தான் தாங்கும், அதுவும் குளிரில். பாரிஸ் சுற்றி ஜூன் மாதச் சென்னைக்குக் கொண்டுவந்தால் இருபது பேருக்கும் பாயசம்தான்.

லிம்மத் கரை:
வணக்கம். எனக்கு இந்த ஊரில் முப்பத்திரண்டு வருடம். இரண்டு பேரும் நல்லாய்ச் சண்டை பிடிக்கிறீர்கள், ஆனால் தம்பி கேட்டது சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் பூட்டு. பான்ஹோஃப்ஸ்ட்ராஸேயில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். திறந்திருப்பது பெரிய ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கும் கடைகளும் விமான நிலையமும். ஆகவே தெருவுக்குப் போவதென்றால் சனி. சூப்பர் மார்க்கெட் வேலையை ஞாயிறு ஸ்டேஷனுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஸ்ப்ரூங்லி கடையில் போய் லின்ட் சாக்லேட் கேட்காதீர்கள். எங்கள் ஆட்களே கனபேர் கேட்டிருக்கிறார்கள். 1892-இல் அந்தக் குடும்பத்தில் அண்ணனுக்கு ஆலை, தம்பிக்குக் கடைகள் என்று பாகம் பிரித்தார்கள். ஆலைதான் பிறகு லின்டோடு சேர்ந்தது. இரண்டும் இன்று வேறு வேறு. லின்டின் பெரிய கடை கில்ஷ்பெர்க்கில், ஏரிக்கரையோரம். உள்ளே ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான சாக்லேட் ஊற்று இருக்கிறது. பார்க்க வடிவு. ஆனால் இரண்டு நாளில் அரை நாள் அதற்குப் போய்விடும்.

பெரம்பூர்ப் பயணி:
அக்கா, நன்றி. ஞாயிறு பூட்டு என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மாமியார் சுத்த சைவம். சீஸ் வாங்கலாமா?

லிம்மத் கரை:
கவனம். க்ரூயேர் போன்ற பழைய முறைச் சீஸில் பாலைத் திரைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். கடைக்காரர் 'வெஜிடேரியன்' என்று தலையாட்டுவார், அவருடைய கணக்கில் இறைச்சி இல்லையென்றால் சைவம். ஆபீஸுக்குச் சாக்லேட் வாங்கும்போதும் 'கிர்ஷ்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். செர்ரிப் பழச் சாராயம் அது. ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு ஒருவர் பெட்டி பெட்டியாக அதைக் கொண்டுவந்து, குருக்கள் வரைக்கும் போய்விட்டது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, மிக்ரோஸ் பற்றி நீங்களே சொல்லுங்கள். இவர் கேவலம் என்கிறார்.

லிம்மத் கரை:
நாங்கள் 'மிக்ரோ' என்றுதான் சொல்வோம். கேவலமில்லை. டுட்வைலர் என்ற மனிதர் 1925-இல் ஐந்து லொறியில் அரிசி, சீனி, கோப்பி ஏற்றித் தெருத்தெருவாகக் குறைந்த விலைக்கு விற்றுத் தொடங்கியது. அதன் சொந்தச் சாக்லேட் ஃப்ரை நல்லது, இருபது பேருக்குக் கட்டும். அங்கே சாராயமும் சிகரெட்டும் விற்பதில்லை, தெரியுமா?

ஆனால் ஒற்றைமுள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது நானும் ஒரு நல்ல பொருளாவது கொண்டுபோக வேண்டுமென்றுதான் நினைப்பேன். அதற்கு வாட்ச்தான் வேண்டுமென்றில்லை. நினைவுப் பொருள் கடையில் மாட்டு மணி வாங்காமல், ஹைமாட்வெர்க் கடைக்குப் போங்கள். சுவிஸ் கைவேலைக்கென்றே 1930-இல் தொடங்கியது. அங்கே விலை கூடத்தான், ஆனால் செய்தவர்கள் இந்த நாட்டு ஆட்கள். பிள்ளைகள் இருந்தால் கரன் டாஷ் கலர் பென்சில்.

அதுவும் வேண்டாமென்றால் ப்ரொக்கன்ஹவுஸ். வீடு காலி செய்கிறவர்கள் கொடுக்கும் பழைய சாமான் கடை. ஸ்டேஷனிலிருந்து நடக்கலாம். சனிக்கிழமை பியூர்க்லிப்ளாட்ஸில் பழம்பொருள் சந்தையும் உண்டு, மே முதல் அக்டோபர் வரை.

ஒற்றைமுள்:
மன்னிக்கவும், பழைய தட்டும் கரண்டியும் வாங்க ஏழு கடல் தாண்டிப் போக வேண்டுமா? எங்கள் மூர் மார்க்கெட்டே போதும்.

லிம்மத் கரை:
மூர் மார்க்கெட்டில் ஐம்பது வருடத்துக்கு முந்திய சுவிஸ் ஃபொண்டூச் சட்டி, அதுதான் சீஸ் உருக்கும் சட்டி, கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கோ. ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு நிற்கிறேன்: சந்தையில் பழைய வாட்ச் வாங்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
விக்டோரினாக்ஸ் கத்தியை யாரும் சொல்லவில்லை. 1884-இல் ஈபாக் கிராமத்தில் எல்செனர் தொடங்கிய பட்டறை. சாவிக்கொத்தில் மாட்டும் சின்னது முப்பது பிராங்குக்குள் வரும். செக்-இன் பெட்டியில் வையுங்கள். என் மைத்துனன் கைப்பையில் வைத்து, பாதுகாப்புச் சோதனையில் நான்கு கத்தியைக் குப்பைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

அப்புறம் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். ஊருக்குள் ஆயிரத்து இருநூறுக்கு மேல் நீரூற்றுக் குழாய்கள், எல்லாம் குடிநீர்.

லிம்மத் கரை:
தம்பி, பாரிஸ் ரயிலில் சுவிஸை விட்டு வெளியேறுவதால் வரி முத்திரையை எல்லையிலேயே, சுவிஸ் சுங்கத்தில் வாங்க வேண்டும். பாரிஸ் விமான நிலையத்தில் கேட்டால் தர மாட்டார்கள்.

பெரம்பூர்ப் பயணி (ஜூலை):
போய் வந்தாயிற்று. கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

சனி காலை பான்ஹோஃப்ஸ்ட்ராஸே. டிஸ்ஸோ வாங்கினேன், 395 பிராங்க். கணக்குப்பிள்ளை கோபிக்க வேண்டாம், கையில் கட்டியதும் கழற்ற மனம் வரவில்லை. ஸ்ப்ரூங்லியில் ஆளுக்கு மூன்று மக்கரோன், நின்றபடியே. ஞாயிறு ஸ்டேஷனுக்குக் கீழே மனைவி இருபது ஃப்ரை கட்டி வாங்கினாள். ஆபீஸில் யாரும் எந்தக் கடை என்று கேட்கவில்லை, ஒற்றைமுள்.

மாமியார் அங்கே ஓவோமால்டின் டப்பாவைப் பார்த்து, "அட, நம்ம ஓவல்டின்!" என்று சத்தம் போட்டார். பெர்னில் 1904-இல் பிறந்தது அதுதானாம். பிறகு சமையல் சாமான் வரிசையில் காணாமல் போனார். தேடிப் போனால் கையில் ஆறு பீலர். லேசான அலுமினியத் தகடு, மேலே குறுக்கே ஒரு பிளேடு.

ஒற்றைமுள்:
வரி திரும்பக் கிடைத்ததா?

பெரம்பூர்ப் பயணி:
பாஸல் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது பெட்டிகளை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டேன். பிரான்சுக்குள் போனதும்தான் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது.

கணக்குப்பிள்ளை:
29 பிராங்க் 60.

லிம்மத் கரை:
அந்தப் பீலரின் பெயர் ரெக்ஸ். 1947-இல் வந்தது, தபால் தலையிலேயே போட்டிருக்கிறார்கள். சூரிச்சுக்குப் பக்கத்தில் அஃபோல்டர்னில்தான் செய்கிறார்கள். உங்கள் மாமியாரை அடுத்த முறை என்னிடம் அனுப்புங்கள்.

பெரம்பூர்ப் பயணி:
சொல்லிவிட்டேன், அக்கா. ஆறில் இரண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது, ஒன்று எதிர் வீட்டுக்கு. மிச்சம் மூன்றை மாமியார் பூட்டி வைத்திருக்கிறார்.