சுமைதாங்கியும் வேடியப்பனும்: ரோட்டோரத்தில் பார்த்த கற்கள்

தருமபுரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை. மெடிக்கல் ரெப் வேலையில் எனக்கு விழுந்த லைன் இது. டாக்டருக்காகக் காத்திருக்கிற நேரம், மத்தியான வெயிலுக்குப் புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டுகிற நேரம் என்று கிடைத்ததெல்லாம் ரோட்டோரக் கற்களைப் பார்ப்பதிலேயே போகிறது.

முதலில் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். ஏறக்குறைய ஆள் தோள் உயரம். தலையில் விறகுக்கட்டோ நெல் மூட்டையோ கொண்டுவருகிறவர் "ஒரு கை பிடிங்க" என்று யாரையும் தேட வேண்டாம். அப்படியே கல்மேல் சரித்துவிட்டு மூச்சு வாங்கலாம், கிளம்பும்போது குனியாமல் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டி இப்படி ஒன்று நிற்கிறது. பலகைக்கல்லின் விளிம்பில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அதன்மேல் யாரோ செல்போன் கடை விளம்பரத்தைப் பெயிண்டில் அடித்துவிட்டார்கள். தடவிப் பார்த்ததில் "மகள்" என்பது மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. பெயர் பெயிண்டுக்கு அடியில்.

பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன்.

"பாட்டி, இது யாரு வச்ச கல்லு?"

"புள்ளத்தாச்சியா செத்துப்போனவளுக்கு வச்சது கண்ணு. வயித்துச் சுமையோட போயிட்டா இல்ல? நாலு பேரு இதுல சுமைய எறக்கி வச்சா அவளுக்கும் எறங்கும்னு."

"பேரு தெரியுமா?"

"எங்க மாமியாளுக்கே தெரியாது. ரெண்டு பிஞ்சு வாங்கிக்க, வெயிலுக்கு நல்லது."

வாங்கிக்கொண்டேன். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சுமைதாங்கி வைத்ததற்குச் சொல்கிற காரணம் இதுதான். எனக்கு உறுத்தியது வேறு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு கொஞ்சம் உயர்கிறது. கல்லோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோள் உயரக் கல் இப்போது தொடை உயரம். இனி அதில் சுமை இறக்க நினைத்தாலும் குனிந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் வேடியப்பன். இந்த வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் நடுகற்கள் ஏராளம். இடது கையில் வில், வலது கையில் வாள், பாய்கிற நிலையில் ஒரு வீரன். மேலே பல்லவர் காலத்து வட்டெழுத்து. மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டு மீட்டு, அதிலேயே செத்தவர்கள்தான் பெரும்பாலும். "தொறு மீட்டுப் பட்டான்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். ஊர்க்காரர்களுக்கு இந்த வீரர் வேடியப்பன், சாமி. பொங்கல் உண்டு, சேவல் உண்டு, எண்ணெயும் மஞ்சளும் அடுக்கடுக்காக உண்டு. எழுத்தெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் மூடிப்போகிறது என்று கல்வெட்டு ஆர்வலர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நான் இதில் பூசாரி கட்சி. கும்பிடுகிற கல்லை ஜேசிபி தொடுவதில்லை. சுமைதாங்கிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தலைச்சுமை போனது, அதன் வேலையும் போனது. ரோடு அகலமாகும்போது முதலில் பிடுங்கிப் போடுவது அதைத்தான்.

தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பாதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காகப் போராடிச் செத்தான். அவன் பின்னாலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று பெயரோடு எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ தளபதிகளின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை, ஒரு நாயின் பெயர் வந்திருக்கிறது! விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலும் மதுராந்தகம் பக்கம் இந்தளூரிலும் சண்டைச் சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள். ஒன்று மேற்சேரிக் கோழி, இன்னொன்று கீழ்ச்சேரிக் கோழி. சேரி என்றால் அப்போது ஊரின் ஒரு பகுதி. இன்றைக்குக் கிரிக்கெட்டில் தெருவுக்குத் தெரு டீம் வைத்துக்கொள்கிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது போல.

தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் நம்மூர் மைல்கல்லுக்கெல்லாம் பாட்டன். 13ஆம் நூற்றாண்டு. நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (அந்தக் காலத்துத் தூர அளவு) என்று எழுத்திலும் எண்ணிலும் வெட்டியவர்கள் அதோடு நிற்கவில்லை. கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரியது பத்து, சின்னது ஒன்று. படிக்கத் தெரியாத மாட்டு வண்டிக்காரனும் விரலை விட்டு எண்ணிக்கொள்ளலாம், இருட்டில்கூட. இன்றைய நெடுஞ்சாலைப் பலகை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் படிக்காதவரை நினைத்துப் பார்க்கிறார்கள்?

சென்னை ஹைகோர்ட் மதில் ஓரம் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 22-9-1914 இரவு குண்டு போட்டதைச் சொல்லும் கல்லையும் பார்த்திருக்கிறேன். நல்ல கல்தான். ஆனால் நின்று படிக்க பஸ்காரர்கள் விட மாட்டார்கள்.

நீங்களும் எங்காவது எழுத்துள்ள கல்லைப் பார்த்தால் சாக்பீஸ், சுண்ணாம்பு, கம்பி பிரஷ் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சாயங்காலம் இருட்டினதும் செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், அதை உரசுகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். பகலில் தெரியாத எழுத்தெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அப்படியே போட்டோ எடுத்து, ஊர் பேரோடு மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பலாம். வேடியப்பன் என்றால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் பூசாரியைப் பாருங்கள். பக்குவமாகக் கேட்டால் எண்ணெய்த் துணியால் அவரே துடைத்துக் காட்டுவார்.