லெப்டினன்ட் கவர்னர்: துணைநிலை ஆளுநரா, துணை ஆளுநரா?

வணக்கம். அமெரிக்க மாநிலங்களின் லெப்டினன்ட் கவர்னர் பதவியைத் தமிழில் எப்படி எழுதுவது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> புதுச்சேரிக்குத் துணைநிலை ஆளுநர் என்று நிலைத்துவிட்டது. டெக்சஸுக்கும் அதையே போடுங்கள், எதற்கு இன்னொரு சொல்?

ஐயா, போன மாதம் கேட்டிருந்தால் நானும் ஆமாம் போட்டிருப்பேன். அமெரிக்க மாநில அரசுகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. "டெக்சஸ் துணைநிலை ஆளுநர் அந்த மசோதாவை விவாதத்துக்கே எடுக்கவில்லை" என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். "அங்கேயும் மத்திய அரசு ஆள் அனுப்பி முட்டுக்கட்டை போடுகிறதா?" என்று கேள்வி வந்தது. கேட்டவர் மேல் தப்பில்லை. புதுச்சேரி, டெல்லி செய்திகளைப் படித்துப் படித்து, துணைநிலை என்றாலே குடியரசுத் தலைவர் நியமித்தவர், முதல்வரோடு மல்லுக்கு நிற்பவர் என்று நம் மனதில் பதிந்துவிட்டது.

டெக்சஸில் கதையே வேறு. அங்கே லெப்டினன்ட் கவர்னரை மக்கள் தனியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆளுநரோடு சேர்த்துக்கூட இல்லை. அதனால்தான் 1995 முதல் 1998 வரை ஆளுநர் ஜார்ஜ் புஷ் குடியரசுக் கட்சி, லெப்டினன்ட் கவர்னர் பாப் புல்லக் ஜனநாயகக் கட்சி என்று இருக்க முடிந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான, 31 பேர் கொண்ட செனட்டுக்கு இவர்தான் தலைமை. எந்தக் குழுவில் யார், எந்த மசோதா எந்தக் குழுவுக்கு என்பதெல்லாம் இவர் கையில். சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டமோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் 140 நாள்தான். ஆக இவர் ஒரு மசோதாவைக் கிடப்பில் போட்டால் பெரும்பாலும் அதற்கு அடுத்த கூட்டம் வரை விமோசனம் இல்லை. ஆளுநரைவிட இவருக்குத்தான் செல்வாக்கு அதிகம் என்று அங்கே பலர் சொல்வது சும்மா இல்லை.

> அப்படியென்றால் "பதில் ஆளுநர்" சரியாக வருமே? மூலச் சொல்லின் பொருளே இடத்தைப் பிடித்திருப்பவர் என்பதுதானே.

பிரெஞ்சு மூலம் அப்படித்தான். கலிபோர்னியாவுக்கு அது அழகாகவே பொருந்தும். ஆளுநர் மாநில எல்லையைத் தாண்டினாலே அங்கே அதிகாரம் இவர் கைக்கு வந்துவிடும். 1979இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெளியே போயிருந்த நேரத்தில் லெப்டினன்ட் கவர்னர் மைக் கர்ப் ஒரு நீதிபதியையே நியமித்துவிட்டார். விவகாரம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. நியமிக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் ஆளுநர் திரும்பி வந்து அதை விலக்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு. (இதை வைத்தே ஒரு நகைச்சுவை நாடகம் போடலாம்.) ஆனால் டெக்சஸ்காரரின் அன்றாட வேலை செனட்டில். பதில் ஆளுநர் என்றால் அவர் என்னவோ ஆளுநர் எப்போது ஊருக்குப் போவார் என்று காத்துக்கொண்டிருப்பவர் போல ஆகிவிடுகிறது.

உதவி ஆளுநர் வேண்டவே வேண்டாம், ஆளுநர் சொன்னதைச் செய்பவர் என்று ஆகிவிடும்.

எனக்குத் துணை ஆளுநர்தான் சரியாகப் படுகிறது. அமெரிக்கத் துணை அதிபர் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அவரும் செனட்டுக்குத் தலைமை, அதிபர் பதவி காலியானால் அடுத்த ஆள். ரிசர்வ் வங்கியிலும் துணை ஆளுநர்கள் இருக்கிறார்களே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கட்டும், வங்கிச் செய்தியையும் தேர்தல் செய்தியையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, இது எனக்கே புதிதாகத் தெரிந்தது. அமெரிக்கா பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த காலத்தில் இந்த இரண்டு வகையும் தனித்தனிப் பெயரோடுதான் இருந்தன. ரோட் ஐலண்டிலும் கனெக்டிகட்டிலும் அங்குள்ளவர்களே தேர்ந்தெடுத்தவருக்கு "டெபுடி கவர்னர்" என்று பெயர். மாசசூசெட்ஸில் 1691 சாசனத்துக்குப் பிறகு அரசர் நியமித்தவருக்கு "லெப்டினன்ட் கவர்னர்". வர்ஜீனியாவில் ஆளுநர் ஆர்க்னி பிரபு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இங்கிலாந்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்க, லெப்டினன்ட்தான் உண்மையில் ஆண்டார். விடுதலைக்குப் பிறகு பதவி தேர்தலுக்கு வந்தது, பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் கலந்துவிட்டதை நாம் பிரித்து எழுதினால் என்ன? மேலிருந்து நியமிக்கப்பட்டால் துணைநிலை: புதுச்சேரி, கனடா மாகாணங்கள், 1854 முதல் வங்காளத்தை ஆண்ட வெள்ளைக்காரர்கள். அமெரிக்க மாநிலத்தவர் என்றால் துணை.

> அதே கணக்கில் "ஆளுநர்" என்ற சொல்லும் தப்பாயிற்றே? இங்கே நியமனம், அங்கே தேர்தல்.

அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆளுநருக்கு மாற்றுச் சொல் தேடினால் எல்லா நாளிதழும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும், அது ஊறிப்போன சொல். அடுத்த பதவிக்கு அமெரிக்கச் சூழலில் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை, அதனால் அதையாவது சரிசெய்யலாமே என்கிறேன்.

டென்னசி இடிக்கிறது. அங்கே செனட் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் அவைத் தலைவருக்கே சட்டம் இந்தப் பட்டத்தையும் சூட்டியிருக்கிறது, மாநிலம் தழுவிய தேர்தல் கிடையாது. அவருக்கும் இப்போதைக்குத் துணை ஆளுநர் என்றே போட்டு வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.