15 போதும் என்று சொன்னது யார்?

தலவாக்கலைத் தம்பி
நேற்று நம் குருவி பார்க்கும் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "கண்ணாடி போடுகிறவர்களுக்கு பைனாகுலரில் ஐ ரிலீஃப் 15 மில்லிமீட்டர் இருந்தால் தாராளம். அதற்கு மேல் கேட்பது பணத்திமிர்." பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். இதையே அவர் முன்பும் சொல்லக் கேட்டுத்தான், அட்டையில் ஐ ரிலீஃப் 16 என்று போட்டிருந்த 10×42 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். எனக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் நாலரை, சிலிண்டரும் (ஒரு திசைக் கோடுகள் மட்டும் மங்கும் குறை) உண்டு. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஓடைப் பக்கம் ஆறுமணிக்குருவி நிற்கிறது என்று எல்லாரும் கை காட்டுகிறார்கள். எனக்கு மட்டும் சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பது போல நடுவில் ஒரு சின்ன வட்டம், சுற்றிவரக் கறுப்பு. தேடிப் பிடிப்பதற்குள் குருவி சருகுக்குள் போய்விட்டது. தாராளமாம்!

பென்சன் மாஸ்டர்
எழுதியது நான்தான். ஒளிந்துகொள்ளும் பழக்கம் எனக்கில்லை. 27 வருடமாகக் கண்ணாடி போடுகிறேன். 15 போதும். கண் வைக்கிற பக்கத்து ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கினீர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

தலவாக்கலைத் தம்பி
முழுசாக இறக்கித்தான் பார்த்தேன் சேர்.

பென்சன் மாஸ்டர்
அப்படியென்றால் கண்ணாடி மூக்கில் சறுக்கி நிற்கும். மேலே தள்ளிவிட்டுப் பாருங்கள். 15 போதும்.

பனிமூட்டம்
ஐ ரிலீஃப் என்றால் என்ன என்று யாராவது சொல்வீர்களா? என்னிடம் 10×25 இருக்கிறது, பொக்கெட்டில் வைக்கிற சைஸ்.

ஹக்கலை நடை
மாஸ்டர், அட்டையில் போடுகிற எண்ணை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? பெரும்பாலும் கண் பக்க லென்ஸின் முகத்திலிருந்து, முழு வட்டமும் தெரியக் கண் நிற்க வேண்டிய இடம் வரைக்கும். அந்த லென்ஸோ ரப்பர் விளிம்புக்கு உள்ளே பள்ளத்தில் கிடக்கிறது. நம் கண்ணாடி முட்டுவது ரப்பரில், லென்ஸில் இல்லை. தம்பியின் 16 இல் பள்ளத்துக்கு 4 போனால் மிச்சம் 12. கண்ணுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில் மட்டும் 12, 14 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், கண்ணாடியின் தடிப்பு வேறு. எங்கே போதும்? மொனார்க் எம்5 8×42 க்கு நிக்கான்காரன் 19.5 கொடுத்திருக்கிறானே, அவனுக்கென்ன பைத்தியமா?

சந்தேகம் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். பைனாகுலரை வெளிச்சமான வானத்துக்கு நேரே பிடியுங்கள், சூரியன் பக்கம் திருப்பிவிடாதீர்கள். கண் வைக்கிற பக்கம் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்தால் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு விழும். கடதாசியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பொட்டின் ஓரம் எங்கே கூராகத் தெரிகிறதோ, கண் நிற்க வேண்டிய இடம் அதுதான். ரப்பர் விளிம்பிலிருந்து அதுவரைக்கும் அடிமட்டம் வைத்து அளங்கள்.

பென்சன் மாஸ்டர்
அடிமட்டம் வைத்துக் குருவி பார்க்கிற ஆட்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நான் ஹோர்டன் சமவெளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் இந்த ஐ ரிலீஃப் கதையெல்லாம் யாரும் பேசியதில்லை. மரை தெரிந்தது, கழுகு தெரிந்தது, எல்லாம் தெரிந்தது. என்னுடையதில் 15 என்று போட்டிருக்கிறது. போட்டவன் பொய்யா சொல்வான்?

கொழும்பு மாமா
பிறந்தது ஹட்டன், இப்போது கொழும்பு. எதற்கு இந்தச் சண்டை? கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கிற உருளையைத் திருகினால் பவர் சரியாகிவிடும். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் வலக்கண் பக்கத்து வளையம் இருக்கிறது. ஐம்பது காசு செலவில்லை. அதோடு அந்தக் குருவிக்குச் சரியான பெயர் தோட்டக்கள்ளன்.

தலவாக்கலைத் தம்பி
அண்ணே, சிலிண்டர் உண்டு என்று எழுதியிருந்தேனே. மைனஸை உருளை சமாளிக்கும், சிலிண்டரை அது திருத்தாது. கழற்றிவிட்டுப் பார்த்தால் கிளை ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிகிறது. குருவி பறந்ததும் எந்த மரத்தில் உட்கார்ந்தது என்று பார்க்கத் திரும்பவும் கண்ணாடி வேண்டும். போட்டு, கழற்றி, போட்டு, கழற்றி... ஒரு தடவை பட்டிப்பொலைப் பக்கம் புல்லில் வைத்துவிட்டு நானே மிதிக்கப் பார்த்தேன்.

பனிமூட்டம்
தோட்டத்தில் கள்ளன் யார் என்று எங்களுக்குத் தெரியும் மாமா, அதைக் குருவி தலையில் கட்டாதீர்கள். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துவதால்தான் ஆறுமணிக்குருவி. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொழும்பு மாமா
ஏழு மணிக்கும் கத்துகிறது. அப்போது என்ன சொல்வீர்கள், ஏழுமணிக்குருவியா?

பென்சன் மாஸ்டர்
விஷயத்துக்கு வாருங்கள். 15 போதும். ஹக்கலை மிஸ் போன டிசம்பரிலிருந்து என்மேல் கோபத்தில் இருக்கிறார், அந்தக் கோபம்தான் இப்போது அடிமட்டமாக வந்திருக்கிறது. ஹோர்டன் சமவெளி அரெங்கா குளத்தடியில் அன்று விடியற்காலை அரெங்காவை (இலங்கையில் மட்டுமே இருக்கும் அரிய குருவி) முதலில் பார்த்தவன் நான். அவர் பார்க்கவில்லை.

ஹக்கலை நடை
அதைப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்களே எடுத்துவிட்டீர்கள், சரி. அன்று நீங்கள் காட்டியதற்குச் செம்மஞ்சள் அலகு. அரெங்காவுக்கு அலகு கறுப்பு, தோளில் நீலத் திட்டு இருக்கும். நீங்கள் பார்த்தது சாதாரணக் கரும்பாடி, அந்தச் சமவெளியில் தடுக்கி விழுந்தால் அதன் மேல்தான் விழ வேண்டும். 15 மில்லிமீட்டரில் செம்மஞ்சளும் கறுப்பாகத்தான் தெரியும் போல.

பென்சன் மாஸ்டர்
நீலத் திட்டைப் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். பனிக்குள் அலகின் நிறம் மாறித் தெரியும்.

தலவாக்கலைத் தம்பி
பனி என்றதும் நினைவு வருகிறது. 10×42 ஐ விட்டுவிட்டு 8×42 க்குப் போனால் வெளிச்சம் கூடுமா? 42 ஐ 10 ஆல் வகுத்தால் 4.2, 8 ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அதுதானாமே. கை நடுக்கமும் அவ்வளவு தெரியாதாம்.

ஹக்கலை நடை
காட்டுக்குள்ளும் மூட்டத்திலும் 8 தான் நல்லது, பார்வைப் பரப்பும் பெரும்பாலும் அகலம். ஆனால் 8 என்றதும் ஐ ரிலீஃப் தானாக நீளும் என்று நினைக்காதீர்கள், 8×42 இலேயே 12 கொடுக்கிறவனும் இருக்கிறான். 17 க்குக் கீழே போகாதீர்கள். உள்ளே நைட்ரஜன் அடைத்ததாகவும் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு மற்றதெல்லாம் இரண்டு மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சணம் கட்டும். அப்புறம் முக்கியமாக, உங்கள் சொந்தக் கண்ணாடியோடு கடைக்குப் போய், பார்வை வட்டம் முழுசாக விரிந்து அதன் ஓரம் சுற்றிவரக் கூராகத் தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பென்சன் மாஸ்டர்
17 ஆம்! நேற்று 16 போதாது, இன்று 17, நாளைக்கு 20 என்பார். இப்படித்தான் கடைக்காரன் வாழ்கிறான். பிள்ளைகளே, நான் ஒன்று கேட்கிறேன், இதில் எத்தனை பேர் என்னளவுக்குக் குருவி பார்த்திருக்கிறீர்கள்? நோட்டுப் புத்தகம் இருக்கிறது, தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

பனிமூட்டம்
அந்தக் கரும்பாடியையும் அரெங்கா என்றே எழுதியிருக்கிறீர்களா சேர்?

பென்சன் மாஸ்டர்
உங்கள் 10×25 க்கு ஒளிவட்டம் இரண்டரை மில்லிமீட்டர். அதை வைத்துக்கொண்டு என்னிடம் பேச வேண்டாம்.

பனிமூட்டம்
ஆக ஐ ரிலீஃப் என்றால் ஒளிவட்டமா?

ஹக்கலை நடை
இல்லை!!

பென்சன் மாஸ்டர்
பேச்சுக்காக அல்ல, சும்மா கடதாசி வைத்து அளந்து பார்த்தேன். ரப்பரிலிருந்து 11 வந்தது. கடதாசி ஈரம், இங்கே விடிந்ததிலிருந்து தூறல், வெளிச்சமும் இல்லை. வெயில் வந்தால் மறுபடி அளக்கிறேன். 15 போதும்.

கொழும்பு மாமா
தம்பி, அந்த 10×42 ஐ விற்பதென்றால் என்னிடம் சொல்லுங்கள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறவன். ஆனால் வாங்கிய விலை சொல்லக் கூடாது.